கறுப்பு பென்ஸும் தேங்காய் நாரும்

கடற்கரைச் சாலையில் இப்போது ஓடாத கார் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் கண்ணெதிரே போகும். எதையும் கவனிக்க மாட்டேன். முன்னால் நட்சத்திரம் வைத்த பென்ஸ் வண்டி வந்தால் மட்டும் பார்ப்பேன். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அல்ல, என்ஜினை மூடுகிற பானெட்டை. வழவழவென்று இருந்தால் மனசு லேசாகும். உடனே அந்த லேசான மனசை நினைத்தே வெட்கமாகவும் இருக்கும்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். காரைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஓட்டத் தெரியாது, ஏறிப் போனதும் கொஞ்சம்தான். ஆனால் பெரிய கார்கள் நிற்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளிக் கிணற்றடியில் உட்கார்ந்து எட்டு மாதம் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். டிரைவர்கள் பேச்சு முழுக்கக் காதில் விழும்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. திருவிடந்தைக்குப் பக்கத்தில், எங்கள் குப்பத்தை அடுத்த சவுக்குத் தோப்புக்குள் மெட்ராஸ் முதலாளி ஒருவருடைய பங்களா இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடும் சிநேகிதர்களோடும் வருவார். அவருடைய கறுப்பு பென்ஸை ஓட்டியது என் அக்கா புருஷன். நான் மாமா என்று கூப்பிடுவேன். முதலாளியம்மாவிடம் சொல்லி எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் மாமாதான். பதினேழு வயசு எனக்கு. வெளியாள் முன்னால் வாயே வராது. பேர் என்ன என்று கேட்டால்கூட மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பாத்திரம் தேய்ப்பதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் கடல் மணலும் தேங்காய் நாரும்தான். அடிப்பிடித்த அண்டாவானாலும் மணலைப் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் பளபளத்துவிடும். ஒருநாள் முதலாளியம்மா குண்டானைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல முகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம் போலிருக்கே" என்றார். எனக்கு அந்த வாரம் முழுக்க அந்தப் பேச்சே காதில் இருந்தது.

முதலாளியின் சிநேகிதர் ஒருவர் இம்பாலாவில் வருவார். வெள்ளை அமெரிக்க வண்டி, படகு நீளம். அதை ஓட்டியவர் நரைத்த மீசைக்காரர். மூன்றாவதாக ஒரு அம்பாசிடர் வரும். அதில் சமையல்காரரும் ஐஸ் பெட்டியும் மடக்கு நாற்காலிகளும். மூன்று டிரைவர்களும் சவுக்கு நிழலில் உட்கார்ந்தால் பேச்சு ஒன்றே ஒன்றுதான். யார் வண்டி ஒசத்தி?

"இன்னா அண்ணாத்த, உன் வண்டி பாதி ரோட்டுல படுத்துக்கினு வருது. எதிர்ல மாட்டு வண்டி வந்தா ஓரம் கட்ட எடம் கீதா?" என்பார் மாமா.

மீசைக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "மாட்டு வண்டிக்காரனே எறங்கி நின்னு கும்புட்டுட்டு வழி வுடறாண்டா. உன் பென்ஸு போனா அவனுக்கு அது பென்ஸுன்னே தெரியாது" என்பார்.

"தெரியவேண்டியவனுக்குத் தெரியும். ஸ்டார்ட் பண்ணா சத்தம் கேக்குதா சொல்லு. அடையாறு பாலத்துல புடிச்ச வேகத்த இங்க வந்துதான் வுட்டேன். டம்ளர்ல தண்ணி வெச்சா சிந்தாது."

"டம்ளர்ல தண்ணி குடிக்கவா காரு? சாஞ்சிக்கினு போவணும் நைனா. என் முதலாளி கோவளம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவாரு."

அம்பாசிடர்காரர் நடுவில் நுழைவார். "ரெண்டும் கெட்டா எதுல கட்டி இழுத்துக்கினு போவீங்க? என் வண்டிலதான?" இரண்டு பேரும் சேர்ந்து அவரை அடக்குவார்கள். "நீ ஐஸ் பொட்டிய எறக்கு மொதல்ல."

எனக்குச் சிரிப்பு வரும். குண்டானுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளிகள் கடலில் குளிக்கப் போன நேரம். மீசைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ ரெண்டுலயும் உக்காந்து பாரு. மூணாவது ஆளு சொன்னா நாங்க ஒத்துக்கறோம்." நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். மாமாதான் "வாடி, ஒண்ணும் ஆவாது" என்று கூட்டிப்போனார். பாவாடை ஈரமாக இருந்தது. கோணிப்பையைச் சீட்டில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். இம்பாலாவில் உட்கார்ந்ததும் உள்ளே உள்ளே போனேன். பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி. இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் படுத்துவிடலாம். பென்ஸ் அப்படி அமுங்கவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்தது. மாமா கதவைச் சாத்தினார். அடிக்காமல், மெத்தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அலைச் சத்தம் நின்றுபோனது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் அது. நின்றதும் எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பயம் பிடித்தும் இருந்தது.

இறங்கியதும் "எது?" என்று கேட்டார்கள். வாய் வரவில்லை. விரலை நீட்டிப் பென்ஸைக் காட்டினேன்.

"சொந்தக்காரி தீர்ப்பு செல்லாது" என்றார் மீசைக்காரர். மாமாவுக்கு அன்றைக்கு முழுக்க வாயெல்லாம் பல்.

அந்த விரலை நீட்டினதிலிருந்து பென்ஸ் என் கட்சி வண்டி ஆகிவிட்டது. அதுதான் வினையாகவும் போனது.

இரண்டு மூன்று வாரம் கழித்து முதலாளிகளுக்குள்ளும் அதே பேச்சு வந்தது. சிநேகிதர் வண்டி மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். "சாப்பிட்டுட்டு என் பென்ஸ்ல கல்பாக்கம் வரைக்கும் போய் வருவோம். அப்புறம் நீ சொல்லு" என்று முதலாளி தாழ்வாரத்தில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமா எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவருக்குத்தான் பரீட்சை.

கடல் காற்றில் வண்டிமேல் உப்புப் படிந்து மங்கிப் போயிருந்தது. பானெட்டில் காக்கா வேறு அசிங்கம் செய்து வெயிலில் காய்ந்துவிட்டது. மாமா சாப்பிட உட்காரப் போனவர் திரும்பி, "ரெண்டு வாளி தண்ணிய ஊத்தி ஊற வை. நான் வந்து துணியால தொடச்சிக்கிறேன்" என்றார்.

ஊற வை என்றுதான் சொன்னார். தேய் என்று சொல்லவில்லை. அதை இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றினேன். எச்சம் விடவில்லை. நகத்தால் சுரண்டினேன். மாமா வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவைத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. இம்பாலா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைவிட நம் வண்டி மின்ன வேண்டும். குண்டானில் முகம் தெரிய வைத்தவளுக்கு இது என்ன என்று நினைத்தேன். ஒரு கை மணலை எடுத்தேன். நாரை நனைத்தேன். எச்சம் இருந்த இடத்தை மட்டும் இல்லை, பானெட் முழுக்கத் தேய்த்தேன், வட்டம் வட்டமாக, கை வலிக்க. மறுபடி தண்ணீர் ஊற்றினேன். ஈரத்தில் கறுப்பு அப்படி மின்னியது. என் முகம் அதில் தெரிந்தது. பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்தேன்.

கிணற்றடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. காய்ந்த இடம் சாம்பல் நிறமாக மாறியது. சோப்புத் தண்ணீர் போலும் என்று நினைத்தேன். சோப்பு போடவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. கிட்டப் போனேன். வட்டம் வட்டமாகக் கீறல்கள். என் கை போன வழியெல்லாம் தெரிந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். மறைந்தது. காய்ந்ததும் திரும்ப வந்தது.

அப்போது முதலாளியும் சிநேகிதரும் வெற்றிலை போட்டபடி இறங்கி வந்தார்கள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கதவைத் திறந்தார். சிநேகிதர்தான் முதலில் பார்த்தார். "என்னய்யா இது, உன் பென்ஸுக்கு அம்மையா?" என்று சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. பானெட்டில் விரலை வைத்துத் தடவினார். "யார் பண்ணினது?"

மாமா பானெட்டைப் பார்த்தார். பிறகு கிணற்றடியைப் பார்த்தார். நான் சுவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். நார் என் கையில் இருந்தது. அதைக் கீழே போட்டேன். போட்டதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காலால் மணலைத் தள்ளி அதை மூடினேன். என் கால் அசைவதை மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தாங்க," என்றார். "துணில மணல் இருந்திருக்குது. கவனிக்கல."

"எத்தனை வருஷமா வண்டி ஓட்டறே?"

மாமா திறந்த கதவைச் சாத்தினார்.

"வெளியில நாலு பேர் என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி இந்த வண்டியைத்தான் பாக்கறான். சாவியைக் குடு."

நான் அப்போது நாலு எட்டு வைத்திருந்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். புதைத்ததைத் தோண்டி எடுத்து நீட்டியிருந்தால் போதும். மிஞ்சிப்போனால் என்னைத் திட்டி அனுப்பியிருப்பார்கள். ஒரு வேலைக்காரப் பெண் போவதும் அக்கா வீட்டுச் சோறு போவதும் ஒன்றா? எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றேன். கூச்ச சுபாவம் என்று ஊர் சொல்லும். அன்றைக்கு இருந்தது கூச்சம் இல்லை, பயம். முதலாளியம்மா வாயால் இனி அந்த நல்ல பேச்சு வராதே என்கிற கவலையும் அதில் இருந்தது.

மாமா சாவியைக் கொடுத்தார். சவுக்கு மரத்தில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டார். மீசைக்காரர் பின்னாலேயே நாலடி போய், "இர்றா, சாயங்காலம் நான் பேசறேன்" என்றார். "வோணாம் அண்ணாத்த" என்று மாமா ரோட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்கு அவர்கள் கல்பாக்கத்துக்கு இம்பாலாவில் போனார்கள்.

அக்காவுக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். ஒன்று கைக்குழந்தை. நான் வேலை முடிந்து அங்கே போனபோது அக்கா மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். "ஒரு துணிய ஒதறிப் பாத்துத் தொடைக்கத் தெரியாதா ஒரு மனுசனுக்கு? கண்ணு இன்னா பொடனிலயா கீது?" மாமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சி, வுடு" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அக்காவுக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனேன். அதையும் எழுதிவிட வேண்டும். பென்ஸ் புதுப் பெயின்டோடு வந்தது. புது டிரைவர் வந்தார். சவுக்கு நிழலில் அந்தச் சண்டை மட்டும் இல்லை. மீசைக்காரர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரியுமோ என்னவோ.

மாமாவுக்கு எந்தப் பெரிய வீட்டிலும் கார் கிடைக்கவில்லை. வண்டியைக் கீறினவன் என்று பேச்சு டிரைவர்களோடு டிரைவர்களாகப் பரவிவிட்டது. சவுக்குக் கட்டை ஏற்றுகிற லாரிக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, புடவை எடுக்க அந்த லாரியில்தான் செங்கல்பட்டுக்குப் போனோம். முன்சீட்டில் ஜன்னலோரம் அக்கா, நடுவில் நான். என்ஜின் சூடு காலைச் சுட்டது. பள்ளத்துக்குப் பள்ளம் தலை கூரையில் இடித்தது. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"பென்ஸுல போயிருக்க வேண்டிய பொழப்பு. தலயெழுத்து, கட்ட வண்டில குலுங்கிக்கினு போறோம்."

மாமா கியரை மாற்றிக்கொண்டே சொன்னார். "பென்ஸு இன்னாடி பென்ஸு? இது அதுக்கு மேல. மணலப் போட்டுத் தேச்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது."

அக்கா, "த்தூ, பேச்சப் பாரு" என்று வெளியே திரும்பிக்கொண்டாள். மாமா ரோட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் குத்திக் காட்டவில்லை. போனால் போகிறது என்று எனக்குச் சொன்ன பேச்சு அது. அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. அக்கா தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. புடவைக் கடையில் எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டதற்கும் அக்காவே பதில் சொன்னாள்.

மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது. அக்கா என் தெருவிலேயே இருக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. இதை எழுதி முடித்ததும், அவளுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிந்துகொள்வது மறுபடியும் நாரைப் புதைக்கிற வேலைதான் என்று பட்டது. நேற்று அவள் வீட்டுக்குப் போய், லாரி வரைக்கும் எழுதினதை வாய்விட்டுப் படித்தேன். பல இடத்தில் குரல் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் அக்கா "படி" என்றாள்.

படித்து முடித்தபோது அக்கா முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சோத்துல உப்பு ஜாஸ்தின்னு சொன்னாகூட, மொதல்ல துணியப் பாத்துத் தொடைக்கக் கத்துக்கோன்னு அந்தாளு வாய அடைப்பேன்," என்றாள். "சாவற வரிக்கும் சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்துனு இருந்தியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்ப போ. நாளைக்கி வா," என்றாள்.

இன்றைக்குப் போகவேண்டும். இன்னும் புறப்படவில்லை.