மோட்டார் கொட்டகையில் மாமா

எங்கள் தெருவில் அப்பாவுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வந்தது கொரோனா காலத்தில்தான். அதற்கு முன்பு அவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சாதாரண ஆள். வளவனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஒரு நிலக்காரருடைய கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அம்மா நடவுக்கும் களைவெட்டுக்கும் போவாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பரீட்சை இல்லாமலேயே பாஸ் என்று சொல்லிவிட்டதால் கொரோனா மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இருக்கவில்லை.

அப்பாவுக்கு அப்படி இல்லை. செல்போனில் வருவதையெல்லாம் கேட்டார். கேட்டதையெல்லாம் நம்பினார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வைத்து, அதில் காலை நனைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வர வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக் கோழிக்கு மட்டும்தான் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. கத்திரிக்காயையும் தக்காளியையும் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தார். “கொழம்பு கொதிச்சா நுரை வருதுய்யா” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “நுரை வந்தா செத்துப்போவ மாட்டோம்” என்றார் அப்பா.

ரேஷன் கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அப்பா தன் வட்டத்தில் ஒழுங்காக நிற்பதோடு விடமாட்டார். முன்னால் நிற்பவரிடம், “அண்ணே, ஒரு கால் வெளிய இருக்குது” என்பார். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மாஸ்க்கைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு, “டேய், இன்ஸ்பெக்டர் வர்றாரு, எல்லாரும் மூச்ச அடக்கிக்கினு நில்லுங்கடா” என்று சத்தமாகச் சொல்லுவார். வரிசை முழுவதும் சிரிக்கும். எனக்கு அவமானமாக இருக்கும். எல்லோருடைய அப்பாவும் வேப்பமரத்தடியில் தாயம் ஆடிக்கொண்டிருக்க, என் அப்பா மட்டும் இப்படிப் பயந்து சாகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. சென்னையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வந்தால் தெருவே அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அவ்வளவு பேச்சு. அங்கே கொரோனா பரவுகிறது என்று மார்க்கெட்டை மூடியதும் காலி லாரி ஒன்றில் ஏறித் திண்டிவனம் வந்து, அங்கிருந்து ஹைவேயில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். பாதி வழியில் ஒரு டிராக்டர்காரர் இரக்கப்பட்டு விழுப்புரம்வரை ஏற்றிக்கொண்டார். மறுபடியும் நடை. இப்போது நான் தினமும் அதே சாலையில் பஸ்ஸில் திண்டிவனம் போய் வருகிறேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் ஒருநாளும் அந்த வழி சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றியதில்லை.

ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலைத் தோரணமும் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மாமா போன் செய்தார். அம்மா உடனே உலை வைத்தாள். அப்பா உலையையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார்.

“ஊட்டுக்குள்ள வர வேணாம்னு சொல்லு.”

“ஒங் கூடப் பொறந்தவனா இருந்தா இப்டி முள்ளுக்கு அந்தாண்ட நிக்க வைப்பியாய்யா?”

“எங்கப்பனே எழுந்து வந்தாலும் அங்கதான் நிக்கணும்.”

அம்மா கரண்டியை வீசியிருப்பாள். மாமாதான் போனிலேயே சண்டையை நிறுத்தினார். “அக்கா, மாமா சொல்றதுதான் கரெக்டு. எங்கூட மூட்டை தூக்குனவன் காய்ச்சல்ல படுத்துக்கினான். நான் மோட்டார் கொட்டாயிலயே இருந்துக்கறேன். சோத்த மட்டும் அனுப்பு.”

அப்பா அன்றைக்கே எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் வந்து, தள்ளி நின்று மாமாவை விசாரித்து, மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துக்கொண்டு போனார். ரிசல்ட் வரச் சில நாள் ஆகும் என்றும், அதுவரை யாரும் கிட்டே போகக் கூடாது என்றும் சொன்னார். “மூச்சு வாங்குனா ஒளிக்காம ஒடனே சொல்லணும், தம்பி” என்றார். மாமா பெரிய கும்பிடாகப் போட்டார்.

இதெல்லாம் எனக்குப் புரியாது என்று நினைத்தோ என்னவோ, மாமா எனக்கென்று தனியாக ஒரு கதை சொன்னார். கரும்பில் காட்டுப்பன்றி இறங்குகிறதாம். காவல் காக்க நல்ல ஆள் வேண்டுமென்று நிலக்காரர் தேடினாராம். சென்னையிலிருந்து மாமாவை வரவழைத்தாராம். நான் அதைத் தெரு முழுக்கச் சொன்னேன். மார்க்கெட்டிலிருந்து வந்தவர் என்று ஒதுங்கிப் பேசிக்கொண்டிருந்தவர்களிடமும் போய்ச் சொன்னேன்.

சோறு கொண்டுபோகும்போது அப்பா என்னையும் கூட்டிப்போவார். அம்மாவைக் கூட்டிப்போனால் வாய்க்காலைத் தாண்டிவிடுவாள் என்று அவருக்குப் பயம். வரப்பில் ஒரு பனைமரம் இருந்தது. அதுதான் என் எல்லை. அப்பா வாய்க்கால்வரை போய், தூக்குச்சட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து வருவார். பிறகு மாமா வந்து எடுத்துக்கொள்வார். அந்த இடைவெளியிலேயே அவர் பேச்சு ஆரம்பமாகிவிடும்.

“இன்னாடி மருமவளே, நேத்து ஒரு பன்னி வந்துச்சு. மாஸ்க் போடாம வந்துச்சு. ஒங்கப்பன்கிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்னு சொன்னேன், ஓடிப்போச்சு.”

அப்பா மாஸ்க்குக்குள்ளேயே சிரித்திருப்பார். வெளியே, “பேச்சக் கொற. பேச்சுலதான் பரவுதாம்” என்பார்.

சில நாள் கழித்து மாமா ஒரு புது ஆட்டம் சொன்னார். இனிமேல் பேசாத ஆட்டம். யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். சத்தம் கேட்டால் பன்றி உஷாராகிவிடுமாம். மறுநாளிலிருந்து எல்லாம் கை ஜாடைதான். வயிற்றைத் தட்டிக் காட்டினால் சாப்பாடு நன்றாக இருந்தது என்று அர்த்தம். கையை நெற்றிக்கு மேல் வைத்துக் கரும்பைப் பார்த்தால் பன்றி இன்னும் வரவில்லை. நானும் பனைமரத்தடியிலிருந்து கையைக் காலை ஆட்டிப் பதில் சொன்னேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாமாவோ ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

அப்பாவுக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. “இப்பத்தான் ஒங்க மாமனுக்குப் புத்தி வந்துக்கினு இருக்குது” என்று திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம், அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா இன்றைக்கும் பேசவில்லை, எழுந்துகூட வரவில்லை, கதவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டினார் என்றேன். வாசலில் நின்ற அப்பா காதைத் தீட்டிக்கொண்டு, “த்ரீ பேஸ் கரண்டு வந்து எந்நேரமாவுது. மோட்டார் சத்தத்தையே காணோமே. தூங்கிட்டான் போல” என்றார். மாமா அங்கே போனதிலிருந்து மோட்டாரைப் போடுவது அவர் பொறுப்பாக இருந்தது.

அம்மாவின் கை நின்றது.

“அவன் எப்பலேர்ந்துடி பேசல?”

“ஆட்டம் ஆரமிச்சதுலேர்ந்து.”

“ஒரு வார்த்தகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. மாமாதான் ஜெயிக்குது.”

அம்மா மடியிலிருந்த கீரையைக் கொட்டிவிட்டு எழுந்தாள். “யோவ், அவன் ஜொரத்துல பெனாத்துறப்பகூட பாட்டு பாடறவன்யா. அவன் ஆட்டம் ஆடல. அவனால பேச முடியல.”

அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. யாரோ அறைந்ததுபோல இருந்தது. அம்மா அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தாள். அப்பா போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே ஓடினார். வீட்டிலேயே இரு என்று யாரும் சொல்லாததால் நானும் ஓடினேன்.

வாய்க்கால் ஓரத்தில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். அவள் திமிறினாள். கொட்டகை வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. எங்களைப் பார்த்து வராதே என்பதுபோலக் கையைத் தூக்கினார். அது பாதியிலேயே விழுந்தது.

“நீ போவாத” என்றார் அப்பா. “பாப்பாவுக்கு ஒருத்தராவது வேணும்.”

இரண்டு பேரும் இங்கேதானே இருக்கிறார்கள், எதற்கு இப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் தார்ரோடுவரைதான் வர முடியும். ரோட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒற்றை வரப்பு. அப்பா மாஸ்க்குக்கு மேல் துண்டை இறுகக் கட்டினார். யூரியா மூட்டையின் உள்பையைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டார். இதையெல்லாம் அவர் நிதானமாகச் செய்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் வாய்க்காலைத் தாண்டினார். மாமாவின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார். “ஏறு மச்சான்” என்றார். மாமா தலையை ஆட்டி மறுத்தார். “ஏறுடா. நான் மூட்டை தூக்காதவனா?” என்றார் அப்பா.

யாரும் கிட்டே வரக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர், மாமாவை முதுகில் சுமந்து, அவர் மூச்சு தன் காதில் படும்படி, ஈர வரப்பில் நடந்து வந்தார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். விழவில்லை. எங்களைத் தாண்டும்போது, “தள்ளி நில்லுங்க, காத்து அந்தாண்டேர்ந்து அடிக்குது” என்றார்.

ரோட்டில் பாதித் தெரு கூடியிருந்தது. எல்லோரும் தூரத்திலேயே நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி நிற்கச் சொன்னவர் அப்பாதான். பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும் தன் கயிற்றுக்கட்டிலைத் தலையில் தூக்கிவந்து ரோட்டோரம் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். அன்றைக்கு அவர் மாஸ்க் மூக்குக்கு மேல் இருந்தது. கட்டிலில் மாமாவைப் படுக்க வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பா பக்கத்திலேயே நின்று விசிறினார். முழுக் கவச உடுப்புப் போட்டவர்கள் இறங்கி மாமாவை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மா ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா வீட்டுக்கு வரவில்லை. நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் பனைமரத்தடியில் நின்று பார்த்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். பிறகு பீடியைப் பற்றவைக்க முயன்றார். தீக்குச்சி பெட்டியில் உரசவே இல்லை. கை அப்படி நடுங்கியது. ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. கடைசியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

“மாமா அவ்ளோ வெயிட்டாப்பா?” என்று கத்திக் கேட்டேன்.

“ஆமா பாப்பா. செம வெயிட்டு” என்றார்.

அப்பா கொட்டகையில் இருந்த நாட்களில் எங்கள் தெருவைக் கட்டையால் அடைத்து வைத்தார்கள். மாமாவுக்குக் கொரோனாதான் என்று அப்போதுதான் ரிசல்ட் வந்தது. நர்சம்மா எங்களுக்கும் குச்சி விட்டுப் பார்த்தார். எங்களுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. அது துண்டு செய்த வேலையா, காற்று செய்த வேலையா, தெரியாது. அடைத்த கட்டையின் மேல் யாராவது தினமும் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் வேகவைத்த மல்லாட்டைக் கடலை, ஒருநாள் கேப்பைமாவு. அம்மா அதையெல்லாம் சோப்புத் தண்ணீரில் அலசவில்லை.

ஏன் ஒளித்தாய் என்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டபோது, பேச்சு திரும்பியிருந்த மாமா மெல்லச் சொன்னாராம்: “அங்க போனவங்கள மூட்டையா கட்டித்தான் குடுக்கறாங்கன்னு சொன்னாங்கக்கா. மொகத்தக்கூட காட்ட மாட்டாங்களாம். கொட்டாயில இருந்தா பாப்பாவையாவது பாத்துக்கினு இருக்கலாம்னு தோணுச்சு.”

மாமா திரும்பி வந்தபோது, சட்டை கொடியில் தொங்குவதுபோல அவர் மேல் தொங்கியது. ஆனாலும் வந்த அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த முட்டையைப் பற்றி, பக்கத்துக் கட்டில் ஆளின் குறட்டையைப் பற்றி. நடுவில் இடம் கிடைத்ததும் நான் என் சேதியைச் சொன்னேன்.

“மாமா, ஒன்னத் தூக்குனதுல அப்பாவுக்குக் கையெல்லாம் நடுங்கிப்போச்சு. தீக்குச்சிகூடப் பத்தவைக்க முடியல. நீ அவ்ளோ வெயிட்டு.”

மாமா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா, மழை வருகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே போனார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். வெயிட்டு என்று சொன்னதில்தான் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பதான் எளைச்சிட்டியே மாமா, இனிமே அப்பா ஒரு கையாலயே தூக்கிடுவாரு” என்று சமாதானம் சொன்னேன்.