துரையின் டெஸ்டர்

பழுதான ரேடியோவைத் திறந்து மகன் டெஸ்டரால் தொட்டான். அதன் கைப்பிடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. "கரண்டு வருதும்மா."

எங்கள் காலத்தில் அந்த விளக்கு என் அப்பாதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அப்பா சமையற்காரர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கம்பியில்லாக் கருவியில் கடல்தாண்டிப் பேசும் பைத்தியம். அதற்கென்றே ஒரு மேசை நிறையப் பேட்டரிகள், தொட்டால் தூக்கியடிக்கும்படி ஒன்றோடொன்று கோத்து. அந்த அறையில் எப்போதும் அமில நெடி. கருவி ஊமையானால், "சுப்பையா, கை!" என்று கத்துவார். அப்பா விரல்களை நனைத்துக்கொண்டு பேட்டரியின் இரண்டு கம்பிகளையும் தொடவேண்டும். துள்ளினால் பேட்டரியில் குறையில்லை, பழுது வேறெங்கோ. துரை வயிறு குலுங்கச் சிரிப்பார். கண்டியிலிருந்து விருந்துக்கு வரும் துரைமாரும் சிரிப்பார்கள். குசினி அடுப்பை விட்டு வந்து வாசலில் நின்று நான் பார்ப்பேன்.

ஒருநாள் அப்பா துள்ளவில்லை. மின்சாரம் உடம்பில் ஏறியும் அசையாமல் நின்றார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"வரலீங்க தொர."

துரை நம்பிவிட்டார். பேட்டரி செத்துவிட்டதென்று, வியர்த்த கைகளால் இரண்டு முனைகளையும் பிடித்துக் கழற்றப் போனார். அலறிக்கொண்டு, உட்கார்ந்திருந்த கதிரையோடு மல்லாந்து விழுந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது.

வேலை போகுமென்று தெரிந்தும் அப்பா குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"இப்ப வருதுங்களா தொர?"