மீன் குழம்பும் ஒரு முழக் கம்பியும்

சூடேறிய கியர் பெட்டியின் எண்ணெய் நாற்றமும் வஞ்சிரமீன் குழம்பின் புளி மணமும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் படித்த என் தாய்மாமாவுக்குக் கடலூரிலிருந்து வாராவாரம் குழம்பைத் 'தூக்கு'ச் சட்டியில் ஊற்றி எடுத்துப்போவோம். அம்மாவுக்கு ஒரே தம்பி. விடுதிச் சோற்றில் அவர் இளைத்துவிட்டதாக அவள் புலம்பாத நாளில்லை.

அப்பா வைத்திருந்தது கிளட்ச் இல்லாத பழைய வெளிநாட்டு வண்டி. தெருவில் அதற்கு 'ரெண்டு பெடல் காரு' என்று பெயர். ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு மெல்லிய கம்பி போகும், 'கிக்டவுன் கம்பி' என்பார் அப்பா. பெடலைத் தரையோடு அழுத்தினால் கம்பி இழுபட்டுப் பெட்டி தானாகக் கீழ் கியருக்கு இறங்க, வண்டி ஓர் உதறு உதறிச் சீறிப் பாயும். எதிரே வண்டி வருவதற்குள் முந்திப்போய் ஒதுங்க அந்தப் பாய்ச்சல்தான் உயிர். வெறும் கம்பிதானே என்று நினைப்பவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

எங்கள் வீட்டில் தொட்டார்கள். ஒருநாள் பஸ்ஸை முந்தியபோது பாய்ந்த பாய்ச்சலில் குழம்பு முழுக்க அம்மாவின் புதுச் சேலையில் கொட்டியது. "என்னாங்க இது, பேய் புடிச்ச மாதிரி பாயுது! அந்தக் கருமத்தக் கழட்டிப் போடுங்க" என்று அவள் போட்ட கூச்சலில், மறுநாள் காலையிலேயே அப்பா கம்பியைக் கழற்ற ஸ்பேனரோடு வண்டிக்கடியில் படுத்துவிட்டார். பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுஷன். அப்புறம் குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வண்டி முக்கி முனகிப் போனதை நாங்கள் நிதானம் என்று நினைத்துக்கொண்டோம்.

பரீட்சை முடிந்து மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, ஆலப்பாக்கம் பக்கத்தில் ஒரு கரும்பு டிராக்டர் முன்னால் ஊர்ந்தது. "ரோடு காலியாத்தான் கெடக்கு, அழுத்துங்க" என்றார் முன்சீட்டில் இடப்பக்கம் இருந்த மாமா. அப்பா வலப்பக்கம் ஒடித்து ஏறினார். வளைவிலிருந்து லாரி வந்தது. சீட்டுகளுக்கு நடுவே நின்றிருந்த நான், அப்பாவின் கால் பெடலோடு தரைவரை இறங்கியதைப் பார்த்தேன், வண்டி பாயவில்லை. அவர் இடப்பக்கம் திருப்ப, கரும்புக் கட்டுகள் மாமாவின் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன. ஐயோ, மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை.

மாமாவின் சாவை விதி என்றார்கள் ஊரில். அப்பா சாகும்வரை கம்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை, அம்மாவும்தான். ஆனால் மத்தியானத் தூக்கத்தில் அப்பாவின் வலது கால் விறைத்துப் பாயை அழுத்தும், அழுத்திக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கப் பயந்து நான் வாசலுக்கு ஓடிவிடுவேன்.

அந்த ரோடு இப்போது நான்குவழிச் சாலை. வளைவும் இல்லை, புளியமரங்களும் இல்லை, கம்பி வைத்த கார்களும் இல்லை. போன மாதம் என் ஆட்டோமேட்டிக் காரில் அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகையில், லாரி ஒன்றை முந்த அழுத்தினேன். வண்டி உதறிப் பாய்ந்தது. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இதுல அந்தக் கம்பி இருக்காடி?"

"இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டரு பாத்துக்கும்."

கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"யாரு சொன்னாலும் கழட்ட முடியாதுல்ல?"