மேற்குப் பார்த்த மையத்து

ராயபுரத்தில் ஆப்பம் சுட்டு விற்ற அஜீசாவின் கணவர் மதார் சாகிப், கப்பலில் உலைக்குக் கரி தள்ளுகிறவர். 1951 கோடையில், நிலக்கரி ஏற்றப்போன ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பனிக்கடல் தீவில், நிமோனியா கண்டு இறந்தார். உடன் வேலை செய்த கமாலுதீன்தான் அடக்கம் செய்துவிட்டு வந்து சேதி சொன்னான். அழுகிறவளைத் தேற்றத் தெரியாமல் தீவைப் பற்றியே பேசினான்.

"மரம் ஒண்ணு கெடையாது அண்ணி. கோடையில சூரியன் மறையாம சுத்திக்கினே கீது. மழைக்காலம் மாதிரி அங்க இருட்டுக் காலமாம், மாசக்கணக்கா. எல்லாம் சுரங்கத்து ஆளுங்க. நம்மள மாதிரியே வாசல்ல பூட்சைக் கழட்டிட்டுத்தான் வூட்டுக்குள்ள போறாங்க. வெளிய வந்தா கரடிக்குப் பயந்து கையில துப்பாக்கி."

"மண்ணு?"

"ஒறைஞ்ச பாறை. கடப்பாறை எகிறுது. சுரங்கத்துக்காரங்க வெடி வெச்சுக் குடுத்தாங்க. உள்ள வெச்சது அழுகாதாம். அண்ணன் அப்படியே இருப்பாரு."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று கஞ்சி குடித்தாள்.

"மையத்தை மக்கா பக்கம் முகம் வெச்சுதானே படுக்க வெச்சீங்க?"

"பின்னே? சூரியனை நம்ப முடியல. திசைகாட்டி வாங்கிப் பார்த்து, மேற்குப் பக்கமா வெச்சோம்."

கப்பலில் தொழுகைக்குத் திசை சொல்லிவந்தவரே மதார் சாகிப்தான். அவர் போனபின் மற்றவர்களுக்குத் தெரிந்தது சென்னையின் மேற்கு ஒன்றுதான்.

இறந்து ஓராண்டானதற்கு ஓதும் பாத்திஹாவுக்கு வந்திருந்த, முன்பு கப்பலில் சுக்கான் பிடித்த ஷாகுல் ஹமீது, பேச்சுவாக்கில் கமாலுதீன் இதைச் சொல்லக் கேட்டுச் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"மேற்கா? அந்தத் தீவுலேந்து மக்கா தெற்கேடா, கூமுட்டை! மேற்கே வெறும் பனிக்கட்டி!"

படுதாவுக்குப் பின்னாலிருந்து அஜீசா, ஓத வந்த ஹஜ்ரத்தைக் கேட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார்:

"உடம்பு கெடாம இருந்தா எடுத்துத் திருப்பி வைக்கணும்மா. ஒரு வருஷம் ஆச்சு. மண்ணோட கலந்திருக்கும். இனிமே தொடக்கூடாது."

"அங்க கலக்காது, ஹஜ்ரத்."



மறுநாளிலிருந்து ஆப்பக்கூடையோடு துறைமுக வாசலில் நின்று, கப்பலேறுகிறவர்களையெல்லாம் கேட்டாள்.

"இன்னா ஆப்பக்காரம்மா, நான் ரங்கூன் போறேன். வளையல் வேணும்னா வாங்கியாறேன். பனியில பொணத்தைத் திருப்ப எவன் போவான்?"

சிரித்தார்கள். சிலர் கேட்டுக்கொண்டு மறந்தார்கள். கடைசியில் கமாலுதீனைப் பிடித்தாள்.

"வெச்சவன் நீ. நீயே போய்த் திருப்பு."

அவன் போகத்தான் பார்த்தான். நெஞ்சு கெட்டுவிட்டது என்று கப்பல் டாக்டர் வேலைக்கு எடுக்காமல் தள்ளிவிட்டார். அதைச் சொல்ல வந்தவனுக்குப் பேச்சைவிட இருமல்தான் அதிகம் வந்தது. துணியை வாயிலிருந்து எடுத்தபோது சிவப்பாக இருந்தது. அஜீசா அவனைச் சுவரில் சாய்த்து, முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்தாள்.

"இன்னொரு கப்பல்ல கேக்கறேன், அண்ணி."

"பேசாதே. குடி."

அந்தத் தீவின் கரையில் கால் வைத்தவன் ராயபுரத்தில் இவன் ஒருவன்தான். குழி இருக்குமிடமும் இவனுக்குத்தான் தெரியும்; இவன் போகாவிட்டால் வேறு யாரை அனுப்பியும் பயனில்லை.

மறுநாள் அவள் துறைமுக வாசலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.