தலைகீழாகப் பிடித்த துப்பாக்கி: போளூர்ச் சாலையில் ஒரு கல்லறைத் திருநாள்

கோடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர், போளூர்ப் பக்கம் எப்படிப் போவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, 1983 நவம்பர் முதல் தேதி. எல்லோரும் ஊர் பார்க்கப் போகிற மலைக்கு, நான் ஒரு புகைப்படத்துக்கு விளக்கம் சொல்லப் போனேன்.

அப்போது ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்தேன். பதினோரு வருடப் பணியில் நான் அதிகம் கையாண்ட ஆயுதம் ஸ்டேப்ளர். அந்த வருடம் மே மாதம், வடக்கு எல்லையில் எங்கள் லாரி ஒன்று மண்சரிவில் சிக்கிப் பள்ளத்தில் உருண்டது. லான்ஸ் நாயக் அந்தோணி இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. பக்கத்துக் கண்டோன்மென்ட் கல்லறையில் அடக்கம் நடக்கும். வீட்டுக்கு முதலில் தந்தி போகும், பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி போகும், அதற்குள் அடக்கத்தின்போது எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கும்.

மரியாதை அணிவகுப்புக்கு ஆள் போதவில்லை. அலுவலகத்திலிருந்து மூன்று கிளார்க்குகளை இழுத்துப் போனார்கள். அதில் நான் ஒருவன். ஒன்றரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். ‘ஷோக் சஸ்திர’ என்று கட்டளை வரும். துக்கத்துக்கான கட்டளை அது. துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழல் நுனியை பூட்ஸ் மேல் ஊன்றி, மேலே வந்துவிட்ட அடிக்கட்டையில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கடைசியில் தலையைக் குனிய வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவில் மனதுக்குள் எண்ண வேண்டும். எண்ணிக்கை பிசகினால் இருபது பேரில் ஒருவன் மட்டும் துக்கத்தில் பின்தங்கிவிடுவான்.

ஆகஸ்டில் அந்தோணியின் அப்பா சவரிமுத்துவிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. படத்தில் எல்லோரும் துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து, தன் மகனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறார்களே, அவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்டிருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். இரண்டு பக்கம். ‘ராணுவ மரபு’ என்ற சொல் ஐந்து இடங்களில் வந்தது. நல்ல கடிதம் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

அடுத்த மாதம் பதில் வந்தது. பாதிரியார் (ஊரில் அவரைச் சாமியார் என்பார்கள்) வராத நாட்களில் அந்த ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: விபத்து என்று தந்தியில் சொன்னது சும்மா, பையன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான், அதனால்தான் ஆயுதத்தைக் கவிழ்த்து அவமானம் செய்திருக்கிறார்கள். தற்கொலை செய்தவர்களுக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மகன் பெயரில் அங்கே ஒரு சிலுவையாவது நட வேண்டும் என்பது சவரிமுத்துவின் ஆசை. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்றைக்கு சாமியார் வந்து எல்லாக் கல்லறைகளையும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்குள் நடவில்லை என்றால், மகனுடைய பழி ஊரறிய உறுதியாகிவிடும்.

எனக்கு மதுரை. இருபது நாள் விடுப்பு பாக்கி இருந்தது. கிளம்பினேன்.

மதுரையில் காலை 5.40க்குப் பேருந்து. கோடைக்கானலுக்கு 120 கிலோமீட்டர், கட்டணம் பதினோரு ரூபாய் அறுபது காசு. வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள். அதற்கப்புறம் வளைவுகள்தான், சாப்பிட்டது அங்கேயே தங்குமா என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. மழையில் ஓரிடத்தில் பாறை விழுந்திருந்ததால் கோடைக்கானல் சேர 10.50 ஆகிவிட்டது. போளூர் பஸ் 11.30க்கு. பூம்பாறையில் பூண்டு மூட்டைகள் ஏறின, மன்னவனூரில் உருளைக்கிழங்கு ஏறியது, கவுஞ்சியில் ஓர் ஆடு ஏறியது. கண்டக்டரிடம் இறங்குமிடம் சொன்னதும் அவர் என் முடிவெட்டைப் பார்த்தார்.

“அந்தோணி வீட்டுக்காங்க? அந்த சோலிக்கு வெள்ளனே வந்திருக்கணும். இப்ப வந்து என்னத்த?” என்றார்.

2.45க்கு கோயில் முக்கில் இறக்கிவிட்டார். ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. புல் செதுக்குவதும் சுண்ணாம்பு அடிப்பதுமாக வேலை நடந்தது. வெளியே, வேலியோரம், ஒரு மரச் சிலுவையைத் தரையில் கிடத்திவிட்டு ஒரு மனிதர் அதன் பக்கத்தில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உபதேசியாரை அழைத்துவரச் சொன்னேன். எழுபதை நெருங்கிய, மெலிந்த மனிதர். கெட்டவர் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். நேரில் அப்படித் தெரியவில்லை. சவரிமுத்து மடியிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். உபதேசியார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுல நீங்க எதுங்க?”

“இடது பக்கமிருந்து மூணாவது.”

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “குனிஞ்சு கெடக்கு மூஞ்சி. ஆனா தொப்பை ஒண்ணுதான்” என்றார். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என் சாட்சியம் ஏற்கப்பட்டது.

சவரிமுத்துவின் மண்வெட்டியை வாங்கினேன். காம்பின் நுனியை என் செருப்பின் மேல் ஊன்றி, இரும்பை மேலே கொண்டுவந்து, கைகளை வைத்துத் தலையைக் குனிந்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

“ஆயுதத்தைக் கவுத்தா, இனி சண்டை இல்ல, துக்கம்னு அர்த்தங்க. அவருக்காகக் கவுத்தது” என்றேன்.

“எங்கூர்ல செத்தவன் மொகத்தக் கடைசி மண்ணு விழுகிற வரைக்கும் பாப்போம். நீங்க ஒருத்தரும் பாக்கலையே?” என்றார் உபதேசியார்.

“ஒருத்தன் அழுறது இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாதுன்னு குனியச் சொல்வாங்க.” இது பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பயிற்சி ஹவில்தார் சொன்னார்.

உபதேசியார் படத்தை மடக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். “தானாச் செத்தவனுக்கும் இப்பிடித்தான் நிப்பீகளா?”

“நிக்க மாட்டோங்க. அவங்களுக்கு அணிவகுப்பு கெடையாது, துப்பாக்கி கவுக்கறது கெடையாது. ராணுவத்துல அதுக்கு உத்தரவே இருக்கு.”

எங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் எழுத மறந்த ஒரே வரி இதுதான். எழுதியிருந்தால் பதினோரு ரூபாய் அறுபது காசு மிச்சமாகியிருக்கும். அந்த மனிதர் இரண்டு மாதம் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

“நீங்க அழுதீகளா?” என்றார் சவரிமுத்து.

பொய் சொல்லியிருக்கலாம். “இல்லைங்கய்யா. அவரு எனக்குப் பழக்கமில்ல. எண்ணிக்கை தப்பிடுமோன்னு பயந்துக்கிட்டே நின்னேன்.”

“தப்பலையே?”

“தப்பலைங்க.”

“அது போதும்” என்றார். மண்வெட்டியை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, “எம்புட்டு நேரம் அப்பிடி நிக்கணும்?” என்று கேட்டார்.

“நிமிரச் சொல்ற வரைக்குங்க. நாமளா நிமிரக் கூடாது.”

உபதேசியார் யாரிடமோ கடப்பாரையை வாங்கினார். “மழை வர்றதுக்குள்ள வெரசா தோண்டணும்” என்று சொல்லி வேலிக்கு உள்ளே போனார். முன்பே இறந்திருந்த அந்தோணி அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் முதல் குத்துக் குத்தியது அவர்தான். ஒன்றரை அடி ஆழம் போதும் என்று நான் நினைத்தேன். அவர் மூன்றடிக்கு இறங்கினார். அன்று தங்க எனக்கு அவர் வீட்டில்தான் இடம். மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. கம்பளி மூன்று வந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு சாமியார் ஜீப்பில் வந்தார். வரிசையாக ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து, அந்தோணியின் சிலுவைக்கு வந்தார், தெளித்தார், அடுத்ததற்குப் போனார். மற்றவற்றுக்கு ஆனதைவிட ஒரு நொடியும் கூடுதலாக ஆகவில்லை. அந்தக் குடும்பம் கேட்டதும் அவ்வளவுதான்.

பாட்டு முடிந்து ஊர் கலைந்தது. சவரிமுத்து மட்டும் சிலுவைக்கு முன்னால், மண்வெட்டியைக் கவிழ்த்து ஊன்றி, தலை குனிந்து நின்றார். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. அவர் அதை மறுபடி ஏற்றவில்லை. பத்து நிமிடம் ஆனது. அவருடைய மகள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். உபதேசியார் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினோரு வருடத்தில் நான் யாருக்கும் கட்டளை கொடுத்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன். இந்தியில் சொன்னால் அவருக்குப் புரியாது.

“ஐயா, நிமிருங்க” என்றேன்.

நிமிர்ந்தார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கல்லறைத் திருநாளுக்குப் போவதென்றால் முந்தின நாளே போய்விடுங்கள். அந்தச் சமயம் மழை பாதையை அடைக்கும். திரும்பும் பஸ் அப்போது மதியம் 3.15க்கு இருந்தது, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் ஒன்று போதாது. மெழுகுவர்த்தி மேலே கிடைக்காது, கோடைக்கானலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி அதிகமாகவே வாங்குங்கள். சவரிமுத்து இப்போது இல்லை. மகனின் சிலுவைக்கு மறுபக்கம் அடக்கம் செய்ததாக மகள் எழுதியிருந்தாள்; அவள் குடும்பமும் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. வாசலில் நுழைந்ததும் இடது பக்கம் மூன்று சிலுவைகள் சேர்ந்தாற்போல் இருக்கும். நடுவில் இருப்பதன் அடியில் யாரும் இல்லை. அதற்கும் ஒன்று ஏற்றிவிட்டு வாருங்கள்.