மீன் தொட்டியில் விழுந்த ஓட்டுகள்

2007ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நான் ஒரு தேர்தலில் நின்றேன். எப்படியாவது தோற்றுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அதில் வேறு ஆசை இருக்கவில்லை.

புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்குப் போகும் வழியில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில், வாசகர் மன்றத்தின் நூலகம் இருந்தது. ஒரு கூடமும் ஓர் உள்ளறையும்தான். இரும்பு அலமாரிகள், ஒரு நீள மேசை, தலையைத் திருப்பும்போதெல்லாம் முனகும் ஒரு மேசை விசிறி. மன்றத்தின் தலைவர் என் பெரியப்பா. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து அவருக்கு பென்ஷன் வந்தது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இருபது வயதில் இருந்த பெரியப்பா வைத்துக்கொண்டார். சிறுவனாக இருந்த அப்பாவை யாரும் கேட்கவில்லை. அதனால் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். அப்பா புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார். பெரியப்பா காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து நூலகத்தைத் திறந்தார். தெரு முழுக்க அவரை பிரெஞ்சுக்காரர்களை அழைப்பது போல ‘முசே’ என்றுதான் கூப்பிட்டது.

அந்த ஆண்டு ஊரிலுள்ள சிறிய நூலகங்கள் எல்லாம் சேர்ந்து பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தன. ஒவ்வொருவரும் தன் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நூலகத்தின் வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தவர் அடுத்த மாதம் கடற்கரைச் சாலையில் மேடை ஏறி, மைக் முன்னால் நின்று, ஊருக்கே அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார்.

எங்கள் நூலகத்தில் பெயர் கொடுக்க யாரும் முன்வரவில்லை. தலைவருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்காமலேயே முதல் பெயராக என் பெயரைப் போட்டுவிட்டார். அதைப் பார்த்த பிறகு இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

எனக்குப் பேசப் பயம் இல்லை. மைக்தான் பயம். அந்த ஜனவரியில் பள்ளிக் குடியரசு தின விழாவில் உறுதிமொழி வாசிக்க என்னை நிறுத்தினார்கள். வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கி ‘கொய்ங்’ என்று ஒரு நீளமான ஊளையிட்டது. நான் மேடையின் பின்பக்கமாக இறங்கி சைக்கிள் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டேன். அன்றிலிருந்து பள்ளியில் என் பெயர் கொய்ங். எதிர்வீட்டு ஃபிலோமினா, என் உயிர்த்தோழி, அந்தப் பெயரைத் தெருவுக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

ஒரு மாலை, நூலகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பெரியப்பாவிடம் கேட்டேன்.

“பெரியப்பா, ஜெயிச்சவங்க மேடைக்குப் போவலைன்னா என்னா ஆவும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நின்னு ஜெயிச்சிட்டு, போவ மாட்டேன்னு சொல்லக் கூடாது பாப்பா. ஓட்டுப் போட்டவனுக்கு அது அவமானம்.”

ஆகவே ஜெயிக்காமல் இருப்பது ஒன்றே வழி என்று முடிவுக்கு வந்தேன். இதை நான் ஒழுங்காகத் திட்டமிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அலமாரியில் ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களை யாரோ எப்போதோ கிழித்துப் போயிருந்தார்கள். கொலைகாரன் யார் என்று யாருக்கும் தெரியாத ஒரு புத்தகத்துக்கு யார் ஓட்டுப் போடப் போகிறார்கள்? அதையே எடுத்துக்கொண்டேன்.

பேச்சு நாளன்று கூடம் நிறைந்திருந்தது. மைக் இல்லை, எல்லாம் தெரிந்த முகங்கள். எனக்கு முன்னால் பேசிய வேலு கரையில் மீன் ஏலம் விடுபவரின் மகன். பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்தவன், என்னைப் போலவே. அவன் ஒரு கடல் பயண நூலை எடுத்திருந்தான். எடுத்த எடுப்பிலேயே, “இத எழுதுனவரு கடலுக்கே போவல” என்று ஆரம்பித்தான். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் தொடங்கி, புத்தகத்தின் பிழைகளை ஏலம் விடும் குரலில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். கூடம் கைதட்டியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இவன் ஜெயித்துவிடுவான்.

பிறகு நான் எழுந்து கதையைச் சொன்னேன். கொலை நடந்த வீட்டில் இருந்த நான்கு பேரைப் பற்றியும் சொல்லி, “இதுக்கு மேல பக்கம் இல்ல” என்று முடித்தேன். முணுமுணுத்துவிட்டுக் கலைந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. பின்வரிசையில் இருந்த டீக்கடைக்காரர் எழுந்து, “அந்த டாக்டருதான். வேற யாரு?” என்றார். “டாக்டருக்கு என்னா லாபம்? மருமவ செஞ்ச வேலை அது” என்று ஃபிலோமினாவின் அம்மா திருப்பிக் கொடுத்தார். வேலுவின் அப்பா சமையல்காரனைப் பிடித்துக்கொண்டார். சண்டை வாசல் வரை போய், தெருவிலும் தொடர்ந்தது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அம்மாவிடம் இரண்டு பெண்கள் மருமகளுக்காக வாதாடினார்களாம். அம்மா பெருமையில் பூரித்துப்போனார். நான் சாப்பிடவில்லை.

ஓட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வீடு வீடாகப் போய், எனக்குப் போடாதீர்கள், வேலுவுக்குப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

“பாருங்க, எவ்ளோ அடக்கமான பொண்ணு” என்றார் டீக்கடைக்காரர் தன் மனைவியிடம். “இதுக்குத்தான் போடணும்.”

அதே டீக்கடைக்காரர்தான், முசே எப்படியும் தன் தம்பி மகளுக்குத்தான் முடித்துக் கொடுப்பார் என்று கடையில் பேசிக்கொண்டிருந்தார் என்பதும் தெரியவந்தது. பேச்சு பெரியப்பாவின் காதுக்குப் போனது. அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அந்தக் கோடையில்தான் கான்சுலேட்டில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். இங்கேயும் பிரெஞ்சு முறைப்படி ஓட்டு நடக்கும் என்று அறிவித்தார்.

பிரெஞ்சு முறையில் ஓட்டுப்பெட்டி கண்ணாடியாக இருக்க வேண்டும். உள்ளே விழுவதை எல்லோரும் பார்க்க வேண்டும். அதற்காகப் பெரியப்பா தன் வீட்டு மீன் தொட்டியைக் காலி செய்தார். மீன்கள் பக்கெட்டுக்குப் போயின. தொட்டியைக் கழுவி மேசை மேல் வைத்தபோது, தண்ணீர் நின்றிருந்த உயரத்தில் ஒரு பச்சைக் கோடு அப்படியே இருந்தது.

மேசையில் எங்கள் ஐந்து பேர் பெயரும் அச்சடித்த சீட்டுகள் அகர வரிசையில் ஐந்து அடுக்குகளாக இருந்தன. என் பெயர் ‘அ’வில் தொடங்குவதால் என்னுடையது முதல் அடுக்கு. ஓட்டுப் போட வருபவர் ஒரு கவரையும், குறைந்தது இரண்டு பெயர்ச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் யாருக்கு என்று தெரிந்துவிடுமாம். உள்ளறை வாசலில் தொங்கவிட்ட போர்வைக்குப் பின்னால் போய், வேண்டிய சீட்டைக் கவரில் போட்டுவிட்டு, வேண்டாததை அங்கிருக்கும் பிளாஸ்டிக் வாளியில் கசக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே வந்து கவரைத் தொட்டியில் போட்டதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “அ வோத்தே” என்பார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அதைக் கோரஸாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

மதியத்துக்கு முன்னால் ஃபிலோமினா போர்வைக்குள் போய்விட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“கொய்ங், சொன்னா அழுவக் கூடாது.”

“என்னாடி?”

“உள்ள வாளி ஃபுல்லா உன் சீட்டாதான் கெடக்குது.”

ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்கு முதன்முதலாகப் பசித்தது. டீக்கடைக்குப் போய் வாழைக்காய் பஜ்ஜி வாங்கி இரண்டு பேரும் தின்றோம். நான் சோகத்தை மறைத்துக்கொண்டு தின்கிறேன் என்று நினைத்து, அவள் தன் பங்கிலிருந்து ஒன்றை எனக்குத் தந்தாள்.

நான் யோசிக்கத் தவறியது ஒன்று உண்டு. இரண்டு சீட்டு கட்டாயம் என்றால், தனக்கு வேண்டியதோடு கைக்கு முதலில் எட்டுவதையும் சேர்த்து எடுப்பதுதான் மனித இயல்பு. கைக்கு முதலில் எட்டியது என் அடுக்கு. வேறு யாருக்குப் போட்டவர்களும் துணைக்கு என் சீட்டைத்தான் எடுத்துப்போய்க் கசக்கிப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் போட்டவர்களின் சீட்டுகள் வாளிக்கே வரவில்லை. அவை கவருக்குள் இருந்தன.

மாலையில் எண்ணத் தொடங்கியபோது இது புரிந்தது. பெரியப்பா கவரைப் பிரித்துப் பெயரை வாசிக்க, டீக்கடைக்காரர் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். வேலு, நான், வேலு, வேலு, நான், நான். மற்ற மூவரின் கோடுகள் சீக்கிரமே நின்றுவிட்டன. ஒரு கவரில் ஐந்து பெயரும் இருந்தன. யாரோ எந்தப் பிள்ளை மனமும் நோகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். பெரியப்பா அதைச் செல்லாது என்று ஒதுக்கினார். இன்னொரு கவரில் என் பெயர்ச் சீட்டே இரண்டு இருந்தன. அதை ஒரே ஓட்டு என்று சொல்லி ஒரு கோடு மட்டும் போடச் சொன்னார்.

கடைசிக் கவரில் வேலுவின் பெயர் வந்தது. சுவரில் அவனுக்கு இருபத்தாறு, எனக்கு இருபத்தாறு. கோடுகளை நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

அம்மா பின்னாலிருந்து எழுந்தார்.

“மாமா, அந்த ரெண்டு சீட்டு கவரு என்னுது. ரெண்டு போட்டா ரெண்டு ஓட்டுன்னு நெனச்சித்தான் போட்டேன். இன்னொரு கோடு போடச் சொல்லுங்க.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியப்பா சிரிக்கவில்லை.

“ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டும்மா. ஒரே பேரு எத்தினி இருந்தாலும் ஒண்ணுதான்.”

“உங்க சொந்தத் தம்பி பொண்ணு மாமா.”

“அதனாலதான் சொல்றேன்.”

“அப்ப குலுக்கிப் போடுங்க” என்றார் டீக்கடைக்காரர். “நம்மூர்ல அப்படித்தான்.” வேலுவின் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துவிட்டார். எல்லோரும் அதற்குத் தயாராகிவிட்டார்கள். காசு தரையில் படும் சத்தத்தை நான் கேட்கவே தொடங்கிவிட்டேன். அதற்குப் பின்னாலேயே அந்த ஊளையும் கேட்டது.

பெரியப்பா கையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டிய தேவை இல்லை.

“பிரெஞ்சு முறையில ஆரம்பிச்சோம். அதிலேயே முடிப்போம். ரெண்டு பேருக்கும் சமமா வந்தா குலுக்கல் கெடையாது. வயசுல மூத்தவங்க ஜெயிச்சாங்கன்னு அர்த்தம். வேலு, நீ எப்பப் பொறந்த?”

“பங்குனி உத்திரத்தன்னைக்கு, முசே” என்று அவனுக்கு முன்னால் அவன் அம்மா சொன்னார்.

“நீ, பாப்பா?”

நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னை முதலில் கையில் வாங்கியவர் பெரியப்பாதான் என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஒன்றும் தெரியாதவர் போல் கேட்டார்.

“ஆடி மாசம்” என்றேன். என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னதில்லை. இருவரும் பிறந்தது ஒரே வருடம்தான், அவன் எனக்கு நான்கு மாதம் மூத்தவன்.

“வேலு ஜெயிச்சான்” என்றார் பெரியப்பா.

“அ வோத்தே” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அதைச் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை. ஆனால் யாரும் திருத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஃபிலோமினா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வேலு பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏய், அந்த டாக்டரா மருமவளா? நீயாவது சொல்லித் தொலை.”

“எனக்கும் தெரியாதுடா.”

“அப்ப மேடையில உன் புக்கப் பத்தியும் ரெண்டு வார்த்த கேட்டுடறேன். பீச்சுல எவனாவது படிச்சிருப்பான்.”

அம்மா பெரியப்பாவிடம் தீபாவளி வரை பேசவில்லை. அப்பா நடுவில் கிடந்து அல்லாடினார். ஊரில் எந்தப் பெரியப்பாவாவது கையில் வந்த வெற்றியை எடுத்து ஏலக்காரர் மகனுக்குக் கொடுப்பாரா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அந்த விதி உண்மையானதுதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரட்டைச் சீட்டு விதியும் அப்படியே. பெரியப்பா எதையும் இட்டுக்கட்டவில்லை. ஒரு தெருவின் நூலகப் போட்டிக்கு அந்த விதி வேண்டுமா, ஒரு ரூபாய்க் காசு போதாதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கு எழவில்லை.

கூட்டம் கலைந்ததும், மீன் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கனமில்லாத தொட்டிதான், அவர் ஒருவரே தூக்கலாம். பாதித் தெரு தாண்டியிருப்போம். அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

“அடுத்த வருஷம் உனக்கு ஒரு வயசு கூடிடும்ல.”

“ஆமாம் பெரியப்பா” என்றேன்.

வீடு வந்ததும் தொட்டியில் தண்ணீரை ஊற்றினோம். பச்சைக் கோடு வரை வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். பக்கெட்டிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். அவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் நீந்தத் தொடங்கின. நான் அவர் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் எனக்கு ஒரு வயது கூடும், சரி. ஆனால் வேலுவுக்கும்தான் கூடும். அப்போதும் அவன் எனக்கு நான்கு மாதம் மூத்தவனாகத்தானே இருப்பான்? பெரியப்பாவுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது.