எர்த் நட்டுக்கு வைத்த பொட்டு

என் கணவர் மிளகாய் வத்தல், கொத்தமல்லி வியாபாரி. நான் கணக்கு டீச்சர். பரளச்சிப் பக்கத்தில் வீடு. அவருடைய கடையும் என்னுடைய பள்ளிக்கூடமும் அருப்புக்கோட்டையில். கல்யாணமான இரண்டாம் வருஷம் பழைய கார் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் காலையில் சேர்ந்து போய் சாயங்காலம் சேர்ந்து வந்தோம்.

சேர்ந்து என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். பெண் பார்க்க வந்த அன்று மொட்டை மாடியில் என்னோடு பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். அதற்குப் பிறகு “சாப்ட்டியா”, “போவமா”, “கதவச் சரியாச் சாத்து” என்பவை தவிர அவர் வாயிலிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லை. வீட்டிலோ மாமனார், மாமியார், கொழுந்தன், டிவி. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் இடம் என்றால் அந்தக் கார்தான். அதில் உட்கார்ந்தாலாவது மனுஷன் பேசுவார் என்று கார் வாங்கும்போது நான் உள்ளுக்குள் போட்ட கணக்கு யாருக்கும் தெரியாது.

வாங்கிய மாதமே பாட்டு அதிர வேண்டும் என்று டிக்கியில் ஒரு பேஸ் ஸ்பீக்கர் பெட்டியையும் அதற்குச் சத்தம் கூட்டும் ஒரு ஆம்பையும் மாட்டிவிட்டார்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல? முதுகுத்தண்டில் யாரோ மாவு இடிப்பதுபோல இருக்கும். ஊர் எல்லையில் கார் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஆடும். அத்தை உடனே எழுந்து இட்லி ஊற்றப் போவார். மகன் வரும் நேரம் பார்க்கக் கடிகாரமே வேண்டாம் என்று அதில் அவருக்குப் பெருமை வேறு. நான் காருக்குள் ஏதாவது சொன்னால் “என்னது?” என்பார். சத்தத்தைக் குறைக்கமாட்டார். மறுபடி கத்திச் சொல்கிற அளவுக்கு என்னிடம் பெரிய சமாச்சாரம் எதுவும் இருக்காது. ஜன்னல் வழியே கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சேர்வேன். அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அகப்பட்டார்கள், பாவம்.

வியாழக்கிழமை டிக்கியில் வத்தல் மூடை ஏறும். அன்றைக்கு எனக்கு பஸ்தான். மூடைக்கு இடம் வேண்டுமே என்று பெட்டியையும் ஆம்பையும் கழற்றி வீட்டில் வைப்பார். வெள்ளிக்கிழமை விடியக் காரைக் கழுவி மறுபடி மாட்டுவார். ஸ்பேனர் எடுக்காமல் மாட்டிக் கழற்ற, ஆம்பிலிருந்து கார் பாடிக்குப் போகும் எர்த் வயரின் வளையத்துக்குக் கையால் திருகுகிற நட்டு ஒன்றை மெக்கானிக் போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துத் தாழ்வாரத்தில் பரப்பி வைத்தார். எங்கள் வீட்டில் பூஜை என்றால் அரிவாள்மணை முதல் தராசுக் கல் வரை ஒன்று விடாமல் பொட்டு வைக்க வேண்டும். விட்டால் அத்தை கண்டுபிடித்துவிடுவார். ஸ்டீயரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு, பெட்டிக்கு, ஆம்புக்கு என்று வைத்துக்கொண்டே போனேன். எர்த் வயரின் வளையத்துக்கும் நட்டுக்கும்கூடக் குழைத்த சந்தனத்தை நன்றாகவே வைத்தேன். அவர் அப்படியே எடுத்து மாட்டிவிட்டார்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போன அன்று, கண்மாய்க் கரை ஏறும்போது பாட்டு பட்டென்று நின்றது. எல்லா ஸ்பீக்கரும் அந்த ஆம்ப் வழியாகத்தான் பாடும் என்பதால் கார் மொத்தமும் ஊமையாகிவிட்டது. அவர் இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து பார்த்தார். ஆம்பில் சிவப்பு லைட்.

“ப்யூஸா இருக்குமோ?” என்றார்.

“எனக்கென்னங்க தெரியும்” என்றேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்தார். ப்யூஸில் தொடங்கி, பேட்டரிக்குப் போய், பத்தாம் வகுப்பில் தானே செய்த ரேடியோ வெடித்து அப்பாவிடம் அடி வாங்கியதைச் சொல்லி, அருப்புக்கோட்டை வரும்வரை வாய் மூடவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்க எனக்கு மனசே வரவில்லை.

அன்று சாயங்காலமே மெக்கானிக்கிடம் போனோம். அவர் டிக்கிக்குள் தலையை விட்டதும் நாலு தும்மல் தும்மினார். எங்கள் வண்டிக்கு வந்தால் வத்தல் நெடிக்கு அது வழக்கம். ப்யூஸ் நன்றாக இருந்தது. பெட்டியைக் கழற்றி வேறு ஆம்பில் கொடுத்தார், அதிர்ந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தார், கரண்ட் சரியாக இருந்தது. அதற்குள் கடையிலிருந்து போன் வர, என் கணவர் பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போய்விட்டார். அப்போதுதான் மெக்கானிக் எர்த் நட்டைக் கழற்றினார். வளையத்துக்கும் பாடிக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து சுண்ணாம்புக் காரைபோல ஒட்டியிருந்தது.

“டீச்சர், இது ஒங்க வேலையா?” என்றார். “சாமியெல்லாம் நல்லாக் கும்புடுங்க. இந்த நட்டுக்கு மட்டும் வேணாம். ஈரமா இருக்கவரைக்கும் பாடும். காஞ்சிட்டா கரண்ட் போகாது, ஆம்ப் கட்டாயிரும்.”

உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். பெட்டி மறுபடி இடிக்கத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

“அவுககிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சந்தனக் கிண்ணத்தோடு போய் நின்றேன். “நட்ட மாட்டுறதுக்கு முந்திக் கூப்புடுங்க, பொட்டு வச்சிர்றேன். வெள்ளிக்கிழமை, நல்லது” என்றேன். பெண்டாட்டிக்குப் பக்தி வந்தால் எந்தப் புருஷன் தடுப்பார்? வளையத்தை நீட்டினார். மோதிர விரலால் ஒரு பொட்டு, உள்பக்கமாக.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகும்போது, அதே கண்மாய்க் கரையில் பாட்டு நின்றது, ஆம்பில் சிவப்பு லைட்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று அது ஓடியது. அவரும் விடவில்லை. புது ப்யூஸ் போட்டார், புது வயர் இழுத்தார், பேட்டரி முனையைச் சுரண்டினார். வாரம் ஒரு தடவை மெக்கானிக்கிடம் போய்வந்து “என்னன்னே புடிபடல” என்பார். நான் உச்சுக்கொட்டுவேன். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். மழை ஏமாற்றிய வருஷங்கள், தம்பி படிப்பு, தனியாக ஒரு வீடு கட்டுகிற ஆசை. ஒரு நாள் பிளஸ் டூவில் கணக்கில் பெயிலாகி மறுபடி எழுதித்தான் பாஸ் ஆனேன் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இத ஏன் பொண்ணு பாக்க வந்தப்பச் சொல்லல?”

“நீ கணக்கு டீச்சரு. வாயத் தொறந்தா எங்க தப்பு கண்டுபுடிச்சிருவியோன்னு ரெண்டு வருசமா பயம்.”

சிரித்துவிட்டேன். அன்று ராணி மாதிரி வகுப்புக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு பிழைத்தது.

பங்குனியில் விடைத்தாள் திருத்த விருதுநகரில் போட்டார்கள். அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். தினமும் ராத்திரி போனில் “சாப்ட்டியா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பழையபடி ஆகிவிட்டார் என்றே நினைத்தேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. சந்தனம் இல்லாமல் பெட்டி ஒழுங்காகப் பாடும், அந்தச் சுகம் கண்டால் இனி பேசமாட்டார் என்ற நினைப்பில் விடைத்தாளில் மார்க்கைத் தப்பாகக் கூட்டித் திட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்திருந்தார். பையை வைக்க டிக்கியைத் திறந்தேன். எர்த் நட்டில் சந்தனம். என் பொட்டு மோதிர விரல் நுனியளவு இருக்கும். இது கட்டைவிரலால் அப்பியது. வளையத்துக்கு அடியிலிருந்து பிதுங்கி வயர்வரை வழிந்து, பாதி காய்ந்தும் காயாமலும் இருந்தது. குங்குமம் வைக்க மறந்திருந்தார்.

“இது யாருங்க வச்சது?”

“வெள்ளிக்கிழமைல. நீ இல்லையே.”

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது வாரமே மெக்கானிக் சொல்லிட்டாரு.”

“அப்ப அந்தப் புது வயரு, ப்யூஸு?”

“ஒனக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல.”

பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். பிறகு அந்த நட்டைக் காட்டிக் கேட்டேன். “வச்சதுதான் வச்சீக, அதுக்காக இம்புட்டா அப்புறது?”

டிக்கியைச் சாத்திக்கொண்டே சொன்னார். “ஒரு வாரத்துப் பேச்சு சேந்து கெடக்குல்ல.”